சந்தனம் வைத்த தலைக்கவசங்கள்

பொகவந்தலாவையில் தேயிலைத் தோட்டக் குடியிருப்பான எங்கள் லயத்துக்கு மேலே, பாதி எழும்பிய புது வீடுகளின் மீது மழை மூட்டம் இறங்குகிறது. ஒப்பந்தம் எடுத்துக் கட்டுகிறவன் என் மகன் ஜெயகாந்தன். வேலைத்தளப் பாதுகாப்புக்குப் புள்ளி போட வந்திருக்கும் அதிகாரி சர்மிளா, ஆறு மஞ்சள் தலைக்கவசங்களை மேசையில் வரிசையாக வைக்கிறார். ஒன்றிலும் கீறல் இல்லை. வேலை தொடங்கிய அன்று பூசையில் நான் வைத்த சந்தனம் உலர்ந்து அப்படியே ஒட்டியிருக்கிறது. சாரத்திலிருந்து விழுந்து மண்டை உடைந்த வினோஜன் ஆஸ்பத்திரியில் கிடக்கிறான். "விழுந்தப்ப அவரு ஹெல்மெட் போட்டிருந்தாருன்னு உங்க மகன் எழுதியிருக்காரு. நீங்க தோட்டத் தலைவர். நீங்க சொன்னா ஏத்துக்கிறேங்க ஐயா," என்கிறார் சர்மிளா. புள்ளி குறைந்தால் அடுத்த இருபது வீடுகள் ஜெயகாந்தனுக்குக் கிடையாது. அவன் என் முகத்தைப் பார்க்காமல் என் செருப்பைப் பார்க்கிறான். கலவை கிண்டுகிறவர்கள் கையை நிறுத்திவிட்டார்கள். "தலைவரு பொய் சொல்ல மாட்டாருங்க மிஸ்," என்கிறான் ஒருவன், சிரிப்பை அடக்கிக்கொண்டு. அந்தப் பெயரை ஐம்பது வருடமாக வளர்த்தவன் நான்தான். தகரத்தில் மழை விழத் தொடங்குகிறது. "போடலம்மா. சாமிக்கு வச்சத அழுக்காக்காதீங்கன்னு நாந்தான் தடுத்தேன்." பேனா ஓடுகிறது. "தடுத்தவர் பேரு எழுதணுங்க ஐயா." "அந்தத் தாள்லயே மேல பாருங்க. கம்பெனிக்கு என் பேரைத்தான் வச்சிருக்கான்."