குருநாதரின் கட்டளை

"அத்தான், நீங்களா பாத்திரம் தேய்க்கிறீங்க?"

சமையலறை வாசலிலேயே நின்றுவிட்டான் மைத்துனன். அலுவலகத்தில் இருபது பேரை மேய்க்கும் அத்தான், வீட்டில் குடித்த டம்ளரைக்கூட நகர்த்தியதில்லை.

"பயிற்சி மச்சான்! சீனத் தற்காப்புக் கலை வீடியோ கேம். இப்ப தமிழ்லயே வருது. ‘பாத்திரம் தேய்க்காத கையில் வாள் நிற்காது’ன்னு குருநாதர் சொல்றார். எப்பேர்ப்பட்ட தத்துவம்! என்னை மாதிரி வாழ்ந்து பார்த்தாத்தான் விளங்கும்."

"அக்கா ஆடலையா?"

"அவளுக்கு இதெல்லாம் எங்கே புரியப்போகுது? உள்ளே ஏதோ டைப் அடிச்சுப் பொழுதை ஓட்டுறா."

மைத்துனன் உள்ளே போனான். அக்காவின் கணினித் திரையில் இடப்பக்கம் சீன எழுத்துகள், வலப்பக்கம் தமிழ்.

"அக்கா! மொழிபெயர்க்கிறது நீதானா? குருநாதர் நிஜமா என்னதான் சொல்றார்?"

"மூணு நாள் அருவிக்கு அடியில நிக்கச் சொல்றார். நம்ம வீட்ல அருவிக்கு எங்கடா போறது?"

"கம்பெனியில கண்டுபிடிச்சா வேலை போயிடாதா?"

"நானும் பயந்துக்கிட்டுத்தான் இருந்தேன். ஆனா, கேம் ஆடுறவங்களோட பொண்டாட்டிங்க எல்லாம் அஞ்சு நட்சத்திரம் குடுத்து, அடுத்த நிலை எப்போன்னு கேட்டிருக்காங்க. கம்பெனி எனக்குச் சம்பளத்தை ஏத்திடுச்சு."

சமையலறையிலிருந்து வீர முழக்கம் வந்தது. "தேய்ச்சாச்சு! குருநாதரின் அடுத்த கட்டளைக்குக் காத்திருக்கேன்!"

அக்கா விரல்களைச் சொடுக்கிவிட்டுத் தட்டச்சு செய்தாள்: ‘சீடனே, இனி கழிவறை.’