நின்றுகொண்டே இருந்த பலகை

உலக நாடுகளெல்லாம் கூடிப் பேசும் மண்டபம் அது. ஒவ்வொரு நாட்டின் முன்னாலும் ஒரு பெயர்ப்பலகை படுத்திருக்கும். பேச விரும்பும் நாடு அதை நிமிர்த்தி நிறுத்த வேண்டும். தலைவர் பார்த்து அழைப்பார்.

காலையிலிருந்தே ஒரு குட்டித் தீவின் பலகை நின்றுகொண்டிருந்தது.

பக்கத்தில் படுத்திருந்த பெரிய நாட்டின் பலகை கேட்டது: "கால் வலிக்கலையா? படுத்துக்கோயேன்."

"எங்க ஊர்ல கடல் பள்ளிக்கூடம் வரைக்கும் வந்துடுச்சுண்ணே. அதைச் சொல்லாம எப்படிப் படுக்கிறது? நீங்களும் எழுந்து நின்னா தலைவர் இந்தப் பக்கம் திரும்புவார்."

"மத்தவங்க எல்லாரும் எழுந்த பிறகுதான் நாங்க எழுந்திருப்போம். அதுதான் எங்க அரசாங்கத்தோட கொள்கை."

மதியம் தாண்டியது. திடீரென்று பெரிய நாட்டின் பலகை எழுந்து நின்றது. அந்த நொடியே தலைவர் திரும்பினார். தீவின் பலகை பெரிய பலகையின் பக்கம் சாய்ந்தது.

"ரொம்ப நன்றிண்ணே."

பெரிய நாட்டின் அமைச்சர் மைக்கைப் பிடித்தார். "இங்கே ஒரே புழுக்கமாக இருக்கிறது. ஏசியைக் கொஞ்சம் கூட்டச் சொல்லுங்கள்."

ஒருவர்கூட மறுக்கவில்லை. மண்டபம் உடனே குளிர்ந்தது.

"அண்ணே..." என்று கூப்பிட்டது தீவின் பலகை.

பெரிய பலகை அதற்குள் படுத்து, தூங்குவதுபோல் இருந்தது. தீவின் பலகை மட்டும் அந்தக் குளிரில் நின்றுகொண்டே இருந்தது.