பெண்கள் வார்டில் ஒரு வாயாடி

"ஏன் சிஸ்டர், இந்த இடத்துக்கு என்ன பேரு?"

காரைக்குடி ஆஸ்பத்திரியில் ஊசி போட வந்த நர்ஸைச் செல்வம் கேட்டார்.

"வார்டு. ஏண்ணே?"

"என் பொஞ்சாதிகிட்ட இருந்த வேர்டு போச்சு. அதான் வார்டுல போட்டுட்டீக."

பக்கத்துக் கட்டிலில் மஞ்சள் காமாலையோடு படுத்திருந்த அக்ஷரா களுக்கென்று சிரித்தாள். அவள் அம்மா அகிலாண்டேஸ்வரிக்கு உச்சந்தலையில் சுர்ரென்றது.

செல்வத்தின் மனைவி நாகவல்லி தொண்டையில் ஆபரேஷன் ஆகி, குரல் போய், கழுத்தில் குழாயோடு கிடந்தாள். இனி நாள் கணக்குத்தான் என்று டாக்டர் சொன்னது வார்டுக்கே தெரியும். பேச்சுப் போனவளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அதையே கேலி பேசுகிறான் கட்டின புருஷன். இப்படியும் ஒரு ஜென்மமா?

"இதுக்கெல்லாம் சிரிப்பாகளாடி?" என்று மகளை அதட்டினாள்.

செல்வம் தேவகோட்டையில் தச்சு வேலை செய்கிறவர். பட்டறையைப் பூட்டிவிட்டு வந்து பத்து நாளாக இங்கேயே கிடந்தார். பெண்கள் வார்டில் ஆம்பளை தங்கக் கூடாது. நாகவல்லிக்கு வேறு நாதியில்லை என்பதால் நர்ஸ் கண்டும் காணாமல் விட்டிருந்தாள். உளி பிடிக்கிற மனுசனுக்கு இந்த இங்கிலீஷ் பவுசு எதுக்கு என்றுதான் அகிலாவுக்கு எரிச்சல்.

நாகவல்லி தலையணைக்கு அடியிலிருந்து நோட்டை எடுத்து ஏதோ எழுதி நீட்டுவாள். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு உதடு அசைய வாசிப்பார். வாசித்த கையோடு மறுபடி ஆரம்பித்துவிடுவார்.

"மெஷின்ல ஏறி நின்னாலும் வெயிட்டு. டாக்டருக்குக் காத்துக் கிடந்தாலும் வெயிட்டு. எங்களுக்கு முதலாவது குறையுது, ரெண்டாவது கூடுது."

நாகவல்லி கரண்டியால் கட்டில் கம்பியை டங் டங்கென்று தட்டினாள்.

வாயை மூடச் சொல்லி எழுதியும் காட்டுகிறாள், தட்டியும் காட்டுகிறாள். இந்த மனுசன் மண்டையில் ஏறவில்லையே. அகிலா நேரே நர்ஸிடம் போனாள்.

"சாகக் கிடக்குறவளைச் சித்திரவதை பண்றாரு. பொம்பளைக வார்டுல ஆம்பளைக்கு என்ன வேலை? நீங்க கேக்குறீகளா, நான் பெரிய டாக்டர்கிட்டப் போகவா?"

அதற்கு மேல் நர்ஸுக்கு வேறு வழியில்லை. நாகவல்லி காதில் விழாதபடி செல்வத்தை வாசல் பக்கம் கூப்பிட்டாள்.

"அண்ணே, இனிமே சாயங்காலம் பார்வை நேரத்துல மட்டும் வாங்க. வந்தாலும் பேசாம இருந்துட்டுப் போங்க. மத்தவுகளுக்குத் தொந்தரவா இருக்காம்."

செல்வம் வாசலில் நின்றபடியே மனைவியைப் பார்த்தார். துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனார்.

ரெண்டு சாயங்காலம் வந்தார். நாகவல்லி நோட்டை நீட்டினாள். அவர் நர்ஸ் இருந்த பக்கம் பார்த்துவிட்டு, மாட்டேன் என்று தலையை ஆட்டினார். அவள் நோட்டை மூடிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தாள். கரண்டிச் சத்தமும் இல்லை.

"இப்பத்தான் அந்தப் பொம்பளைக்கு நிம்மதி" என்றாள் அகிலா மகளிடம். நல்ல காரியம் செய்த திருப்தியில் அன்றைக்குச் சோறு இரண்டு கவளம் கூடுதலாகவே இறங்கியது.

மூன்றாம் நாள் விடியுமுன் நாகவல்லி போய்ச் சேர்ந்தாள். பக்கத்தில் யாருமில்லை. செல்வம் வந்தார். வண்டியில் ஏற்றினார். அப்படியே போய்விட்டார்.

கட்டிலைத் துடைக்கும்போது நோட்டு கிடைத்தது.

"டீச்சரம்மா நோட்டு. மறந்துட்டுப் போயிட்டாரு" என்றாள் நர்ஸ்.

"டீச்சரா?"

"இருபது வருஷம் இங்கிலீஷ் டீச்சர். அவுக கிளாஸ்ல பிள்ளைக விழுந்து விழுந்து சிரிக்குமாம்."

அகிலா நோட்டை வாங்கிப் பிரித்தாள். வார்டு, வேர்டு, வெயிட்டு எல்லாம் இருந்தன, எட்டாங்கிளாஸோடு நிறுத்தின செல்வமும் வாசிக்கிற மாதிரி தமிழ் எழுத்தில், கொட்டை கொட்டையாக. ஓரத்தில் குறிப்பு வேறு: "மெதுவாச் சொல்லுங்க. பக்கத்துக் கட்டில் பொண்ணு சிரிச்சு முடிச்சதும் அடுத்தது. நான் கம்பியைத் தட்டினா நானும் சிரிக்கிறேன்னு அர்த்தம்."

அகிலா கடைசிப் பக்கத்துக்குப் போனாள். அந்த ரெண்டு நாள் தேதி போட்டு, யாரும் சொல்லாத ஐந்தாறு ஜோக்குகள். அதற்கும் கீழே, கோணல் மாணலாக ஒரு வரி:

"ஏங்க, ஏன் சொல்ல மாட்டேங்கிறீக? உங்க வாயை விட்டா எனக்கு வேற வாய் ஏது?"