அளவெடுத்த கதவு

பழைய இரும்புக் கடையிலிருந்து தூக்கிவந்த கதவை, கொல்லையில் நின்ற ஓட்டை பிக்கப் வண்டியில் மாட்டிப் பார்த்தார் கணவர்.

"அளவெடுத்துச் செஞ்ச மாதிரி உக்காருது பாரு! போல்ட் ஓட்டைகூட அச்சு அசல். நான் கழட்டிக் கடாசின நம்ம பழைய கதவும் இருந்துச்சே, துருப்பிடிச்ச குப்பை!"

கொடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த மனைவி, "அதானே" என்றாள்.

"புதுசு வாங்கினா கட்டுப்படியாகுமா? பானெட்டும் சீக்கிரமே வரும்னு கடைக்காரர் அடிச்சுச் சொல்லிட்டார்."

"அவ்ளோ உறுதியாவா?"

"ஆமா. நம்ம பானெட்டைக் கழட்டி மூலையில கடாசிட்டேன். அது எதுக்கும் ஆகாது."

வெற்றிக் களிப்போடு அவர் குளிக்கப் போனார். கொல்லைக் கதவை யாரோ தட்டினார்கள். இரும்புக் கடைக்காரர்.

"அக்கா, நீங்க எடைக்குப் போட்ட கதவுக்கு பெயின்ட் அடிச்சு வெச்சேன், உடனே ஒருத்தர் கொத்திட்டுப் போயிட்டார். பானெட்டும் வேணுமாம். தர்றேன்னீங்களே, கழட்டியாச்சா?"

மனைவி குளியலறைப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"மூலையில கிடக்கு, சத்தமில்லாம எடுத்துக்கங்கண்ணே. பெயின்டை மட்டும் இன்னொரு கோட்டு சேத்து அடிங்க. துரு தெரிஞ்சா அவரு மறுபடியும் கழட்டிக் கடாசிடுவாரு."