பயந்தவளுக்கு ஒரு துப்பாக்கி

"இருக்கிறதிலேயே விலை கம்மியா ஒண்ணு காட்டு, நெரிடா. முயல் சுடறதுக்கு. இவளுக்கு."

கடைக்காரி நெரிடா, கேட்ட பெவனைப் பார்க்கவில்லை. அவன் முதுகுக்குப் பின்னால் கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்ற அவன் மனைவி கிளெனிஸைத்தான் பார்த்தாள்.

சுவர் முழுக்கத் துப்பாக்கி. டோஸ்டரில் ரொட்டி டக்கென்று எகிறினாலே திடுக்கிடுகிறவள் கிளெனிஸ். முப்பத்தோரு வருஷக் குடித்தனத்தில், பெவனின் துப்பாக்கிப் பெட்டி இருக்கும் அறையைப் பெருக்கக்கூட உள்ளே போனதில்லை.

அப்படிப்பட்டவளை எட்டு மாசமாகப் படுத்தி எடுக்கிறான். பயிற்சி வகுப்பு, பரீட்சை, லைசென்ஸ், இப்போது துப்பாக்கி வாங்கப் பெர்மிட். எதற்கு என்று கேட்டால் ஒரே பதில்தான்: "செம்மறிக்குப் போட்ட குதிரைமசாலை முயல் மேயுது."

நெரிடா ஒன்றை எடுத்துக் கவுண்டரில் வைத்தாள். "பாயிண்ட் டூ டூ. பத்துத் தோட்டா பிடிக்கும். விலை கொஞ்சம் கூட, ஆனா லேசா இருக்கும். தூக்கிப் பாரு, கிளெனிஸ்."

"அது வேண்டாம்," என்றான் பெவன். "ஒத்தைத் தோட்டா போடறது இருக்கா?"

"அது சின்னப் பசங்க பழகறதுய்யா. ஒவ்வொரு தடவையும் கையால போடணும். முதல் குண்டு தவறினா, முயல் பக்கத்து ஊருக்கே போயிடும்."

"போகட்டும்."

"யோவ், உன் வீட்டுல ஆறு இருக்கு. ஒவ்வொண்ணும் ஒரு பசு மாட்டு விலை. பொண்டாட்டிக்குன்னா மட்டும் கை வரமாட்டேங்குதா?"

"அவளுக்கு இது போதும்."

நெரிடா உதட்டைச் சுழித்தாள். உள்ளே போய், கட்டையெல்லாம் கீறல் விழுந்த பழைய துப்பாக்கி ஒன்றைக் கொண்டுவந்தாள். இருநூற்றெண்பது டாலர். தோட்டா போடுவதற்காகத் திறக்கும் அதன் போல்ட்டைப் பெவன் இழுத்துப் பார்த்தான். லேசில் வரவில்லை.

"எண்ணெய் போட்டுத் தரேன், கொடு."

"வேண்டாம், இப்படியே இருக்கட்டும்." கிளெனிஸிடம் நீட்டினான். "பிடி."

"எனக்கு வேண்டாம் பெவன். நிஜமாவே பயமா இருக்கு. இத்தனை வருஷமா நீதானே சுட்டே? நீயே சுடேன்."

"பிடின்னா பிடி!"

பிடித்தாள். இரும்பு சில்லென்றிருந்தது. உள்ளங்கை வேர்த்து வழுக்கியது.

அவன் விடுவிடுவென்று வெளியே, வண்டிக்குப் போனான். கிளெனிஸ் துப்பாக்கியைக் கவுண்டரில் வைத்துவிட்டுக் கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டாள். உண்மையைச் சொன்னால், துப்பாக்கியைவிட அவனைக் கண்டுதான் இப்போதெல்லாம் பயம். சும்மா சும்மா எரிந்து விழுகிறான். பேசிக்கொண்டிருக்கும்போதே முகத்தை வெறித்துப் பார்க்கிறான். மனசில் என்னதான் வைத்திருக்கிறான்?

நெரிடா குரலைத் தாழ்த்தினாள். "வீட்டுல ஏதாவது பிரச்சினையா? பயப்படாம சொல்லு. இந்த வியாபாரமே எனக்கு வேண்டாம். பெர்மிட்டைக் கிழிச்சுப் போட்டுடலாம்."

கிளெனிஸ் வாயைத் திறப்பதற்குள் கதவு திறந்தது. பெவன் இரண்டு கையிலும் ஒரு கம்பளி மூட்டையை அணைத்துக்கொண்டு வந்தான். கவுண்டரில் கிடத்திப் பிரித்தான்.

ஆறு துப்பாக்கிகள்.

"எல்லாத்தையும் எடுத்துக்கோ, நெரிடா. வித்த பணத்தை அவகிட்ட கொடுத்துடு. நாங்க இங்கிருந்து நேரா போலீஸ் ஸ்டேஷன் போறோம். என் லைசென்ஸைத் திருப்பிக் கொடுக்கணும்."

"உனக்கென்ன பைத்தியமா பெவன்?" என்றாள் கிளெனிஸ்.

"இன்னும் இல்லை. மறதி நோயாம். போகப் போக எல்லாமே மறந்துடும்னு எட்டு மாசம் முன்னாடியே டாக்டர் சொல்லிட்டார்." அவன் அவளைப் பார்க்காமலே பேசினான். "போன வியாழக்கிழமை ஷெட்டுக்கு டீ கொண்டுவந்து வெச்சுட்டுத் திரும்பிப் போனியே, ஞாபகம் இருக்கா? நீ யாருன்னு எனக்குத் தெரியல. யாரோ திருட வந்திருக்கான்னு நினைச்சேன். துடைக்க எடுத்த துப்பாக்கி கையில இருந்தது. தோட்டாவைப் போட்டு உன் முதுகைக் குறி பார்த்துட்டேன். நல்ல வேளை, 'ஆறிடப் போகுது, குடி'ன்னு வாசல்லேருந்து ஒரு குரல் கொடுத்தே."

கிளெனிஸ் கவுண்டரைப் பிடித்துக்கொண்டாள். முதுகு கூசியது.

"அப்போ வீட்டுல துப்பாக்கியே வேண்டாமே," என்றாள்.

"முயல் எல்லாத்தையும் தின்னுட்டா செம்மறிக்கு என்ன போடுவே? இனி பண்ணையை நீதானே பார்க்கணும். தப்பித் தவறி இது என் கையில கிடைச்சாலும் ஒரு தோட்டாதான். அடுத்ததை நான் தட்டுத் தடுமாறிப் போடறதுக்குள்ள நீ வாசலைத் தாண்டிடுவே."

நெரிடா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

பெவன் பையிலிருந்து துப்பாக்கிப் பெட்டியின் சாவிகள் இரண்டையும் எடுத்து, கிளெனிஸின் உள்ளங்கையில் வைத்து, விரல்களை மூடினான். "ஒண்ணுகூட என்கிட்ட இல்லை. நீ எங்கே வைக்கிறேன்னும் என்கிட்ட சொல்லிடாதே."

அவளுக்கு அழுகை வெடித்துக்கொண்டு வந்தது. "உன் தம்பி இருக்கான், ஊர்ல உன் கூட்டாளிங்க இருக்காங்க. இதுக்கு நான்தானா கிடைச்சேன்? துப்பாக்கியைக் கண்டாலே நடுங்கறவ நான்!"

"அவங்கெல்லாம், 'பெவன்தானே கேக்கறான்'னு கொடுத்துடுவாங்க, கிளெனிஸ். நாளைக்கு நான் கெஞ்சிக் கேட்டாலும், மிரட்டிக் கேட்டாலும், துப்பாக்கிக்குப் பயந்தே கொடுக்காம இருக்கிறவ நீ ஒருத்திதான்."