இடப்பக்க விதி

"இருபத்திரண்டு வருஷமா நிக்கிற என் விதிய, நேத்து முளைச்ச ரெண்டு பசங்க தப்புன்னு சொல்றாங்களாம்!"

பேராசிரியர் போட்ட கூச்சலில், உள்ளே துணி மடித்துக்கொண்டிருந்த மனைவி எட்டிப் பார்த்தாள்.

"எந்த விதிங்க?"

"எத்தனை வச்சிருக்கேன் நான்? ஒண்ணே ஒண்ணுதான்!"

உண்மைதான். கணினித் திரையில் முக்கியமான பொத்தானை இடப்பக்கம் வைத்தால் மனிதர்கள் சீக்கிரம் தொடுவார்கள். இந்த ஒற்றை வரியை வைத்தே முனைவர் பட்டம், வேலை, பதவி உயர்வு, எட்டு நாட்டுப் பயணம் என்று எல்லாவற்றையும் சாதித்துவிட்டார் மனிதர். கணினியின் முன்னால் உட்காரும் மனிதனை இவரைப் போலக் கூர்ந்து கவனித்தவர் யாருமில்லை என்று மேடைக்கு மேடை புகழ்ந்தார்கள். அவரும் மறுக்கவில்லை.

"இருநூறு பேர வச்சு சோதனை செஞ்சாங்களாம். வலப்பக்கம்தான் வேகமாம். சாயங்காலத்துக்குள்ள நான் பதில் அனுப்பலேன்னா, துறைத் தலைவர் பதவி எங்க துறையில இருக்கற அந்த வரைகலைக்காரனுக்குப் போயிடும். ஆயுசு பூரா கம்ப்யூட்டர்ல முயல் பொம்மைக்கு முடி வரைஞ்ச ஆளு, எனக்குத் தலைவனா?"

"நீங்க எத்தனை பேர வச்சு செஞ்சீங்க?"

"மறந்துட்டியா? பன்னிரண்டு பேர். எல்லாம் உங்க வீட்டு ஆளுங்கதானே!"

அப்போது புதிதாகக் கல்யாணமான நேரம். சோதனைக்கு ஆள் கிடைக்காமல் நாயாய் அலைந்தவர், கணினியைத் தூக்கிக்கொண்டு மாமனார் வீட்டுக்கே போய்விட்டார். மாமனாரில் தொடங்கி கடைசி மைத்துனி வரை ஒவ்வொருவராக உட்கார்ந்து தொட்டார்கள். பன்னிரண்டு பேருக்கும் இடப்பக்கமே வேகமாக வந்தது. திரையில் ஓடிய எண்களிலிருந்து மாப்பிள்ளை கண்ணை எடுக்கவே இல்லை.

"வா, இப்படி உக்காரு. இப்பவே நிரூபிச்சுக் காட்டறேன்."

அவள் மடித்த துணியை ஓரமாக வைத்துவிட்டு வந்தாள். கேமரா மேலிருந்து படம்பிடிக்க, நாற்பது முறை தொட்டாள். இடப்பக்கமே ஜெயித்தது.

"பாத்தியா! அன்னிக்கு வந்த அதே கணக்கு, அச்சு அசலா! மனுஷ மூளையோட அமைப்பே அப்படித்தான். அந்த இருநூறு பேரும் தூக்கக் கலக்கத்துல தொட்டிருப்பாங்க."

மளமளவென்று பதிலைத் தட்டினார். வீடியோவைப் போட்டுக்கூடப் பார்க்காமல் இணைத்தார். துணைவேந்தருக்கு ஒன்று, தேர்வுக் குழுவுக்கு ஒன்று, முயல்காரருக்கும் ஒன்று என்று அனுப்பிய பிறகுதான் அவருக்கு மனம் குளிர்ந்தது.

"உங்க குடும்பத்துக்கும் நன்றி சொல்லி ஒரு வரி எழுதியிருக்கேன்" என்றார் பெருந்தன்மையாக.

மனைவிக்குக் கண் கலங்கிவிட்டது.

"அப்பா இருந்திருந்தா ரொம்ப சந்தோஷப்பட்டிருப்பாருங்க. 'கத்திரிக்கோல்லேருந்து கதவுப் பிடி வரைக்கும் எல்லாத்தையும் மத்தவங்களுக்காகவே செய்யறாங்க. குடும்பத்தோட இடது கைப் பழக்கமா இருக்கற நமக்காகவும் உக்காந்து யோசிச்ச ஒரே ஆளு நம்ம மாப்பிள்ளைதான்'னு கடைசி வரைக்கும் சொல்லிட்டே இருந்தாரு!"