முள் அசையவில்லை

கல்லூரிக் கருத்தரங்கில், மனத்தை அளக்க முடியாது, ஆகவே உளவியல் அறிவியலே இல்லை என்றார் இயற்பியல் பேராசிரியர் தேவசகாயம். அளந்து காட்டுகிறேன் என்று எழுந்தார் உளவியல் துறைத்தலைவர் உலகநாதன். முன்வரிசையிலிருந்த மனைவி வத்சலாவை மேடைக்குக் கூப்பிட்டு, பொய்யறியும் கருவியின் கம்பிகளை அவள் விரல்களில் மாட்டினார்.

"பொய் சொன்னா முள் துள்ளும்," என்று சபைக்குச் சொல்லிவிட்டு அவளிடம் கேட்டார். "என்கூட சந்தோஷமா இருக்கியா?"

"இருக்கேன்."

முள் அசையவில்லை. அரங்கம் கைதட்டியது. பூரித்துப்போன உலகநாதன் அவள் தோளில் தட்டிக்கொடுக்கக் கையைத் தூக்கினார். கை தோளைத் தொடுவதற்குள் முள் கடைசிக் கோட்டுக்குத் துள்ளி அங்கேயே நடுங்கியது.

"கருவியில ஏதோ கோளாறு," என்று அவசரமாகச் சுவிட்சை அணைத்தார்.

"அதைத்தானே சார் நானும் சொன்னேன்," என்றார் தேவசகாயம்.

அரங்கமே சிரித்தது. கம்பி மாட்டிய விரல்களை மடக்கிக்கொண்டு வத்சலாவும் சிரித்தாள்.